ஸ்ட்ராட்டோலொகர் சிஎஃப் அல்டிமீட்டர்: மட்டக்களப்புக் கல்லடியில வயர் பண்ணிப் பாத்ததில சொல்றன்

பொழுதுபோக்குக்கு விடுற ரொக்கெட்டுக்குள்ள வச்சு உயரம் அளக்கிற போர்ட், பெர்ஃபெக்ட்ஃப்ளைட் கொம்பனிட ஸ்ட்ராட்டோலொகர் சிஎஃப், எப்பிடி எண்டு கேட்டிருந்தீங்க. சாமான் நல்லது, குடுத்த காசுக்கு வஞ்சகமில்ல. ஆனா இதை வாங்கிப் போட்டா மட்டும் ரொக்கெட் பத்திரமா இறங்காது, இதைச் சுத்திக் கட்டுற பே, அதாவது இந்த போர்ட் இருக்கிற அறை, சரியா இருக்கோணும், அதுதான் முழு வேலையும்.

நான் போன் ரிப்பெயார் கடை வச்சிருக்கிறவன், ரொக்கெட் ஆளில்ல. மாமாட மகன் கனடாவில இதுகள விடுறவன், லீவுக்கு வரக்குள்ள இந்த போர்டையும் 4 இஞ்சி டியூப் துண்டையும் சூட்கேசுக்குள்ள வச்சுக் கொண்டுவந்து "மச்சான், உனக்குத்தான் வயர் வேலை தெரியுமே, கட்டித் தா" எண்டு மேசையில போட்டுட்டான்.

தெரியாதாக்களுக்குச் சொல்றன். பெரிய மோட்டர் போட்ட ரொக்கெட் ஏறி முடிஞ்சு நிக்கிற உச்சியில சின்ன பரசூட்டைத் தள்ளோணும், மறுகா கீழ வந்து, 700 அடி எண்டு வைப்பமே, அந்த உயரத்தில பெரிசைத் தள்ளோணும். காத்தழுத்தத்தைப் பாத்து ரெண்டு தரமும் ஈ-மெச்சுக்கு, அதாவது பரசூட்டைத் தள்ளுற வெடிமருந்தைப் பத்தவைக்கிற திரிக்கு, கரண்ட் குடுக்கிறது இந்த போர்ட். நீளம் 2 இஞ்சி, அகலம் ஒரு இஞ்சி கூட இல்ல. 4 வோல்ட்டில இருந்து 16 வோல்ட் வரைக்கும் ஏத்துக்கும், ஒரு செக்கனுக்கு 20 தரம் அளக்கும், கடைசியாப் பறந்த பறப்புகளை ஞாபகம் வச்சிருக்கும். கொம்பியூட்டருக்கு எடுக்க கேபிள் வேறயா வாங்கணும், அதையும் கணக்கில வச்சுக்கொள்ளுங்க.

ஸ்கிரீன் இல்ல, எல்லாம் பீப் சத்தம்தான். பெரிசைத் தள்ளுற உயரம் 700 எண்டா ஏழு பீப், புறகு பத்து பீப், திரும்பப் பத்து பீப், ஏனெண்டா பூச்சியத்துக்குப் பத்து. எண்ணப் பொறுமை வேணும், ஆனா பழகினா நல்லம், டியூப்புக்குள்ள மூடிக் கிடக்கிற சாமானுக்கு ஸ்கிரீன் இருந்து என்னத்துக்கு? கடைசியா ரெண்டு ஈ-மெச்சும் சரியாத் தொடுத்திருந்தா மும்மூணு பீப்பா அடிச்சிட்டே இருக்கும். சுவிட்சுக்கு வேறயா டெர்மினல் வச்சிருக்கிறது எனக்குப் பிடிச்ச விசயம், பெட்டரி வயரை நடுவில வெட்டி சுவிட்ச் ஒட்டத் தேவையில்ல.

இனி பே. பிளைவூட் வட்டம் நாலு வெட்டினது எங்கட ஒழுங்கை ஓடாவி, ஒரு சோடியில ஒண்டு கப்ளருக்குள்ள, அதுதான் பேயிட உடம்பான டியூப், இறுகப் போகும், மத்தது விளிம்பில குந்தும். ரெண்டு மூடியையும் சேத்துப் பிடிக்கிற ரொட் ஸ்டெயின்லெஸ் ஆ வாங்குங்க, கல்லடிக் கடல் காத்துக்கு மத்தது மாதம் போகமுன்னம் துருப்பிடிச்சு நட் கழராது.

ஆக்கள் பெரிசா யோசிக்காம விடுறது ஓட்டை விசயம். பேக்குள்ள இருக்கிற அழுத்தமும் வெளி அழுத்தமும் ஒண்டா இருந்தாத்தான் சென்சர் உண்மை சொல்லும், அதுக்கு நடு பேண்டில, அதாவது கப்ளர் நடுவில வெளியில தெரியிற பட்டையில, ஓட்டை போடணும். வழக்கமான கணக்கு 100 கன இஞ்சிக்கு கால் இஞ்சி ஓட்டை ஒண்டு. எங்கட பே 4 இஞ்சி விட்டம், 10 இஞ்சி நீளம், கிட்டத்தட்ட 125 கன இஞ்சி, அப்ப ஒரே ஓட்டையெண்டா 7 மில்லிமீட்டர், அதை மூண்டாப் பிரிச்சா ஒவ்வொண்டும் 4 மில்லிமீட்டர். ஒண்டு மட்டும் போட்டா காத்து அடிக்கிற பக்கத்து அழுத்தத்தைத்தான் சென்சர் பாக்கும், மூண்டைச் சம தூரத்தில சுத்திவரப் போட்டா அந்த வித்தியாசம் சமனாகிப் போகும். வெடிமருந்துப் பக்கம் வயர் போற துளையை மட்டும் எப்பொக்சி வச்சு இறுக்கி அடைக்கணும், அந்தப் புகை உள்ள வந்தா சென்சருக்கு விசர் பிடிச்ச மாதிரித்தான்.

வயர், பல இழை உள்ளதுதான் எடுத்தன், ஒத்தைக் கம்பி அதிர்வுக்கு முறியும். எங்கட தொழில்ல நுனிக்கு ஈயம் பூசிட்டுத்தான் மத்த வேலை, ஆனா ஸ்குரூ டெர்மினலுக்குப் போற நுனிக்குப் பூசாதீங்க, ஈயம் மெதுவானது, ஸ்குரூ அமத்த அமத்த விலகிக் குடுத்து நாளைக்கு லூசாகும். முறுக்கி, மடிச்சு, இறுக்கி, பிடிச்சு இழுத்துப் பாருங்க.

9 வோல்ட் பெட்டரிக்கு ஒன்லைன்ல எடுத்த கிளிப் மகா குப்பை, பிளாஸ்டிக் தாள் போல, ரெண்டு தரம் கழட்டி மாட்டவே வாய் விரிஞ்சிட்டு. எறிஞ்சிட்டு தடிச்ச கிளிப் எடுத்து, பெட்டரிக்கு அடியில கட்டை ஒட்டி, குறுக்கும் நெடுக்குமா சிப் டை போட்டன். ரொக்கெட் கிளம்பக்குள்ள பெட்டரி பின்பக்கமா இழுபடும், அந்தப் பாரத்தைக் கிளிப் தாங்கக்கூடாது.

மருந்து இல்லாமத்தான் டெஸ்ட் பண்ணினம். ஈ-மெச்சுக்குப் பதிலா டோர்ச் புல்ப் ரெண்டு, போர்டும் பெட்டரியும் ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள்ள, மூடியில துளை போட்டு டியூப், டியூப்பில பெரிய சிரிஞ்ச். காத்தை இழுக்க ரொக்கெட் ஏறுதெண்டு அது நினைக்கும், இழுக்கிறத நிப்பாட்டி மெல்ல விட்ட உடன முதல் புல்ப் பளிச்செண்டு ஒருக்கா எரிஞ்சு அணைஞ்சுது, இன்னும் விட ரெண்டாவது. மாமி குசினிக்குள்ள இருந்து எட்டிப் பாத்து "என்ன மனே, போத்தலுக்குள்ள மின்னுது?" எண்டு கேட்டா. ஒவ்வொரு பறப்புக்கும் முன்னம் இதை ஒருக்கா செய்யச் சொல்லித்தான் அவனை அனுப்பினன்.

ஒரே ஒரு குறை இந்த ஒண்டையே நம்பி விடுறது. பெரிய ரொக்கெட் எண்டா ரெண்டு அல்டிமீட்டர் போடுங்க, ஒவ்வொண்டுக்கும் தனிப் பெட்டரி, தனி சுவிட்ச், தனி மருந்து, ரெண்டாவது உச்சியில ஒரு செக்கன் சுணங்கி அடிக்கிற மாதிரி. சுவிட்ச் வெளியில இருந்து எட்டுற இடத்தில இருக்கோணும், ரொக்கெட் விடுற மேடையில நிமிந்து நிண்ட புறகுதான் ஒன் பண்றது.

அம்பாறைப் பக்கம் அறுவடை முடிஞ்ச வட்டையில விட்டா என்ன எண்டு கேக்கிறாக்களுக்கு: வான்பரப்புக்கு அனுமதி வேணும், மருந்துக்கு லைசன்ஸ் வேணும். வயர் வேலையெண்டா கடைக்கு வாங்க, மருந்து எங்க எடுக்கிறதெண்டு மட்டும் எனக்கு மெசேஜ் போடாதீங்க.