க்யூஆர் ஸ்கேன் ஆகிறது என்று சான்றிதழை நம்பிவிடாதீர்கள்

என் தங்கை பி.காம். முடித்து மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். போன வருடம் மே மாதம் அவளுக்கு ஒரு போன் வந்தது. டேட்டா அனலிடிக்ஸில் 11 மாத ஆன்லைன் 'பிஜி சான்றிதழ்' படிப்பு, கட்டணம் 85,000 ரூபாய். "இதுல வாங்குற கிரெடிட் எல்லாம் உங்க ஏபிசி கணக்குல ஏறிடும் மேடம். பின்னாடி எம்பிஏ சேர்ந்தா முதல் வருஷம் படிக்க வேண்டாம்" என்று கவுன்சலர் சொன்னதுதான் அவளை இழுத்தது. வேலையை விடாமலே மேல்படிப்பில் பாதியை முடித்துவிடலாம் என்ற ஆசை. அதில் என்ன தப்பு?

ஏபிசி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. 2021-ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த கிரெடிட் வங்கி அது. படித்து முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் மதிப்புப் புள்ளிகள்தான் கிரெடிட், அவை அதில் சேரும். டிஜிலாக்கர் வழியாக 12 இலக்க எண்ணோடு கணக்கு தொடங்கலாம். அதனால்தான் அந்தப் பேச்சை நாங்களும் நம்பினோம். ஆனால் அதில் பதிவு செய்திருக்கும் கல்வி நிறுவனம்தான் கிரெடிட்டை ஏற்ற முடியும், மாணவர் தானாக ஏற்ற முடியாது. இந்தப் படிப்பை விற்றவர்கள் வெறும் கம்பெனி. விளம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் சின்னம் பெரிதாக இருந்தது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டதோ கம்பெனியின் இயக்குநர்.

படிப்பு முடிந்ததும் டிஜிட்டல் பேட்ஜும் க்யூஆர் போட்ட சான்றிதழும் மெயிலில் வந்தன. ஸ்கேன் செய்தால் பச்சை டிக்கோடு அவள் பெயர் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் காட்டினாள். இந்த ஜூனில் எம்பிஏ சேரப் போனபோது, அட்மிஷன் பிரிவில் இருந்த பெண்மணி ஏபிசி கணக்கைத் திறந்து காட்டச் சொன்னார். பூஜ்ஜியம். "இந்த க்யூஆர் எங்க போகுது பாரும்மா, அவங்க சொந்த வெப்சைட்டுக்குத்தானே?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'இதைக் கொடுத்தது நாங்கள்தான்' என்று அந்தக் கம்பெனி தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுதான் அந்தப் பச்சை டிக். கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டா, வேறு யாராவது ஏற்பார்களா என்பதற்கு அதில் பதில் கிடையாது. இப்போது அந்தப் பக்கமே திறப்பதில்லை.

அப்புறம் பணம். 'மாசத் தவணைதான்' என்று சொல்லி ஆதார் ஓடிபி வாங்கினார்கள். மூன்றாம் மாதம், பாடம் சரியில்லை, விட்டுவிடுகிறேன் என்று அவள் சொன்னபோதுதான் அது ஒரு நிதி நிறுவனத்தில் அவள் பெயரில் போட்ட கடன் என்று தெரிந்தது. படிப்பை நிறுத்தினாலும் மாதம் 7,083 ரூபாய் கட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சிபில் ஸ்கோர் அடிபடும். அதனால் படிப்பையும் விடாமல், 12 மாதமும் கட்டி முடித்தாள். ஓடிபி சொன்ன அன்று நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தடுக்கவில்லையே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

இப்படி யாராவது கூப்பிட்டால், பணம் கட்டும் முன் பல்கலைக்கழகத்துக்கே எழுதுங்கள். இந்தப் படிப்பு உங்களுடையதா, கிரெடிட்டை ஏபிசியில் நீங்கள் ஏற்றுவீர்களா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆன்லைன் பட்டம் என்றால், யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, அந்தப் படிப்பும் இருக்க வேண்டும். தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளை ஃபிரான்சைஸ் முறையில் (வேறு கம்பெனியிடம் ஒப்படைத்து) நடத்தக் கூடாது என்று யுஜிசி 2022 ஜனவரியிலேயே எச்சரித்திருக்கிறது. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில், ஐஐடி போன்ற நிறுவனங்கள் நடத்தும் என்பிடெல் பாடங்களில் சேரக் காசு இல்லை, தேர்வு எழுத 1,000 ரூபாய்தான். தங்கை இப்போது அதில் சேர்ந்திருக்கிறாள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். அந்தப் புகார் இன்னும் முடிவுக்கு வராததால் கம்பெனியின் பெயரை இங்கே போடவில்லை. போனில் சொன்ன எதற்கும் எங்களிடம் பதிவு இல்லை. 'முதல் வருஷம் வேண்டாம்' என்று கவுன்சலர் அனுப்பிய ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்திதான் கையில் இருக்கிறது. உங்களிடம் பேசுபவரையும் அதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.