செய்மதியா, விமானமா? முகில் மூடிய வானில் காபனை அளப்பது

ஜூன் மாதத்தில் வெள்ளவத்தைக் கடற்கரைத் தண்டவாளத்தோரம் நின்று அண்ணாந்து பார்த்தால் பெரும்பாலும் முகில்தான் தெரியும். தெற்காசியாவின் நெல்வயல்களிலும் சதுப்புகளிலும் ஊறும், புவியைச் சூடாக்கும் காபன் வாயுவான மெதேன், மழைமுகிலோடு உயரத்துக்கு ஏறுவதும் இந்தப் பருவத்தில்தான். அதையும் காபனீரொட்சைட்டையும் எதைக் கொண்டு அளப்பது?

செய்மதி என்பதே பலரின் முதல் பதில். காபனீரொட்சைட்டை அளப்பதற்கென 2014இல் ஏவப்பட்ட நாசாவின் ஓசிஓ-2 செய்மதி, தரையில் பட்டுத் தெறிக்கும் சூரிய ஒளியில் அந்த வாயு எவ்வளவை உறிஞ்சியிருக்கிறது என்று கணிக்கிறது. 16 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது. செய்மதியின் இந்த வீச்சு வேறு வழிகளுக்கு இல்லை. ஆனால் முகில் மறைத்தால் அளவீடு கிடையாது. கிடைப்பதும் தரையிலிருந்து வான் உச்சிவரைக்குமான ஒரே சராசரிதான்.

விமானமோ காற்றையே உள்ளே இழுக்கிறது. நாசாவின் டிசி-8 விமானம் 2016 முதல் 2018 வரை, நான்கு பருவங்களிலும், கடல்மட்டத்துக்குச் சற்று மேலிருந்து 12 கிலோமீற்றர் வரை ஏறி இறங்கிக் காற்றை அடுக்கடுக்காக அளந்தது. துல்லியத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது சென்றது பசிபிக், அத்திலாந்திக் வழியாக. நம் இந்து சமுத்திரம் விடுபட்டுப்போனது. பயணங்களும் நான்கோடு முடிந்துவிட்டன.

ஆகவே என் தெரிவு, ஆய்வுக் கருவியைச் சுமக்கும் பயணிகள் விமானம். ஜப்பானிய விமானங்கள் 2005 முதல் காபனீரொட்சைட்டை இடைவிடாமல் அளக்கின்றன. ஜெர்மானியப் பயணிகள் விமானமொன்று 2008இல் பிராங்பேர்ட்டுக்கும் சென்னைக்கும் இடையே பறந்தபோது, சரக்கறையிலிருந்த கண்ணாடிக் குடுவைகளில் காற்று நிரம்பியது. பருவமழை மாதங்களில் 10 கிலோமீற்றருக்கு மேலும் மெதேன் தெளிவாகக் கூடியிருந்தது. குடுவைக் காற்று அளவை மட்டும் சொல்வதில்லை: மெதேனோடு, இயற்கை எரிவாயுவில் கலந்திருக்கும் ஈதேன் என்ற வாயுவும் கூடியிருந்தால் எரிவாயுக் கசிவையும், ஈதேன் கூடாதிருந்தால் வயலையும் சதுப்பையும் மாட்டையும் சந்தேகிக்கலாம். ஓசிஓ-2 போன்ற செய்மதிக்கு இந்த நுணுக்கம் எட்டாது.

குறை உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டுமே உயரவாரியான அளவு கிடைக்கும். அங்கே விமான நிலையத்துப் புகையும் கலக்கும். இருந்தாலும் கொழும்புக்கு வடக்கே உள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தை எண்ணிப் பாருங்கள். தென்மேற்குக் காற்றில் விமானம் கடலை நோக்கியே எழும்பும். அது உள்ளிழுப்பது சமுத்திரக் காற்று. வடகீழ்ப் பருவத்தில் அதே வானுக்கு இந்தியத் தரைக்காற்று வந்து சேரும். இங்கிருந்து டோக்கியோவுக்கோ லண்டனுக்கோ புறப்படும் ஒரு விமானத்தின் சரக்கறையில் அந்தக் கருவி இருந்தால், இரண்டையும் ஆண்டுதோறும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.