டோக்கியோவில் வாடகை வீடு: தனியார் மான்ஷனிலும் யூஆர் குடியிருப்பிலும் இருந்து பார்த்த அனுபவம்

டோக்கியோவுக்கு வேலை மாற்றலாகி வரும் நம்மவர்கள் முதலில் கேட்பது "மாச வாடகை எவ்வளவு ஆகும்?" என்றுதான். அதை மட்டும் தெரிந்துகொண்டு இங்கே ஒரு முடிவும் எடுக்க முடியாது. உள்ளே நுழைய எவ்வளவு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க எவ்வளவு, காலி செய்யும்போது எவ்வளவு பிடிப்பார்கள், இந்த மூன்றையும் வாடகையோடு சேர்த்துப் பார்த்தால்தான் வீட்டின் உண்மையான விலை தெரியும். நான் கோட்டோ வட்டாரத்தில் ஒரு தனியார் மான்ஷனில் (இங்கே அடுக்குமாடிக் கட்டடத்தை அப்படித்தான் சொல்வார்கள்) நான்கு வருடங்களுக்கு மேல் இருந்துவிட்டு, இப்போது எடோகாவா வட்டாரத்து நிஷிகசாயில் யூஆர் என்கிற அரசு சார்ந்த அமைப்பின் வாடகை வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறேன்.

முதலில் தனியார் வீட்டுக் கணக்கு. வாடகை 1 லட்சம் யென் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷிகிகின் என்கிற அட்வான்ஸ் ஒரு மாதம். ரெய்கின் ஒரு மாதம், இது வீட்டுக்காரருக்கு, திரும்பி வராது. தரகர் கமிஷன் ஒரு மாதமும் 10 சதவீத வரியும், சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு அதுதான், பெரும்பாலான தரகர்கள் அந்த உச்சவரம்பையே கேட்பார்கள். நாம் வாடகை கட்டாவிட்டால் பொறுப்பேற்கும் ஜாமீன் கம்பெனிக்கு அரை மாதம் முதல் ஒரு மாதம் வரை. அப்புறம் முதல் மாத வாடகை, தீ விபத்துக் காப்பீடு, பூட்டு மாற்றும் கட்டணம். கூட்டினால் ஒரு பெட்டியைக்கூட உள்ளே கொண்டுபோகும் முன் 5 லட்சம் யென் பக்கம் வந்துவிடும். சென்னையில் பெரிய அட்வான்ஸ் கொடுத்தாலும் அது திரும்பி வரும் என்ற நம்பிக்கை இருக்கும், இங்கே கொடுப்பதில் பாதிக்கு மேல் போனது போனதுதான். பெரும்பாலான ஒப்பந்தங்கள் இரண்டு வருடத்துக்கு, புதுப்பிக்க டோக்கியோவில் வழக்கமாக இன்னொரு மாத வாடகை. இத்தனையும் கொடுத்து உள்ளே போனால் அடுப்பு இருக்காது, பல வீடுகளில் விளக்கும் இருக்காது, கூரையில் அதை மாட்டும் கொக்கி மட்டும் இருக்கும்.

ரெய்கின் இல்லாத வீடுகளும் உண்டு, தேடினால் கிடைக்கும். ஆனால் பணம் தயாராக இருந்தாலும் வீடு கிடைப்பது வேறு விஷயம். தரகர் நம் கண்ணெதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போடுவார், "வாடிக்கையாளர் வெளிநாட்டுக்காரர், பரவாயில்லையா?" என்று பணிவான குரலில் கேட்பார், எதிர்முனையில் பதில் வந்ததும் போனைப் பிடித்தபடியே தலையைக் குனிந்து நன்றி சொல்லி வைத்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டுவார். நம் சம்பளம் என்ன, என்ன வேலை என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீதி அமைச்சகம் 2017இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வீடு தேடிய வெளிநாட்டவரில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். அது மனதைக் காயப்படுத்தும், பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் நிறுவனம் தன் பெயரிலேயே ஒப்பந்தம் போட்டுத் தருமா என்று முதலில் கேளுங்கள், அப்படி நடந்தால் பாதிக் கதவுகள் தானாகத் திறக்கும்.

காலி செய்யும் நாள்தான் இங்கே உண்மையான பரீட்சை. நிர்வாகக் கம்பெனியிலிருந்து ஒருவர் டேப்பும் டேப்லெட்டுமாக வந்தார், சுவரை விரலால் தடவிப் பார்த்தார், சோபா இருந்த இடத்தில் தரையில் விழுந்திருந்த பள்ளத்தைப் படம் எடுத்தார். சில நாளில் பில் வந்தது: கூடத்துக்கு முழு வால்பேப்பர், சமையலறைக்கு வால்பேப்பர், தரைக்கு ஒரு தொகை, சுத்தம் செய்ய ஒரு தொகை. சோபா பதிந்த தடம், வெயிலில் மங்கிய சுவர் போன்றவை சாதாரணத் தேய்மானம், அதற்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை. நிலம், உள்கட்டமைப்பு அமைச்சகத்தின் வழிகாட்டியில் இது பல வருடமாக இருக்கிறது, 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத் திருத்தத்திலும் எழுதிவிட்டார்கள். வால்பேப்பரின் மதிப்பு ஆறு வருடத்தில் 1 யென்னாகக் குறைந்துவிடும் என்பது அந்த வழிகாட்டியின் கணக்கு. அதன்படி என் வீட்டு வால்பேப்பருக்கு மிச்சம் இருந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. குடிவந்த அன்றே மூலைமூலையாக எடுத்து வைத்த படங்களோடு இதை மரியாதையாக எழுதி அனுப்பினேன். கூடமும் தரையும் பில்லிலிருந்து நீங்கின. சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தது நம் தாளிப்பால்தான், அதற்குத் தேய்ந்த மதிப்பு போக மீதிப் பங்கைக் கட்டினேன், அது நியாயம். சுத்தம் செய்யும் தொகை ஒப்பந்தத்திலேயே தனி விதியாக இருந்ததால் அதையும் கட்டினேன். எனவே கையெழுத்துப் போடும் முன் அந்தத் தனி விதிகளை யாரையாவது உட்காரவைத்து வரிக்கு வரி படித்துக் கேளுங்கள்.

யூஆர் என்பது அரசு சார்ந்த நகர மறுசீரமைப்பு அமைப்பு, 1955இல் தொடங்கிய வீட்டு வசதிக் கழகத்தின் வழியில் வந்தது. ரெய்கின், கமிஷன், புதுப்பிப்புக் கட்டணம், ஜாமீன் எதுவும் இல்லை. இரண்டு மாத ஷிகிகினும் வாடகையும் போதும். முறையான வதிவிட அனுமதி இருந்து, குறைந்தபட்ச வருமான வரம்பை எட்டினால் எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை, முந்தி வந்தவருக்கு வீடு. வருமானம் எட்டாவிட்டால் சேமிப்பைக் காட்டலாம். எனக்குப் பணத்தைவிட, அந்தப் போன் உரையாடல் இல்லாமல் வீடு கிடைத்ததுதான் பெரிசு. குறையும் உண்டு: பல கட்டடங்கள் பழையவை, சில வீடுகளில் ஏசியையும் விளக்கையும் நாமே மாட்ட வேண்டும், நல்ல இடத்து வீடுகள் வந்த வேகத்தில் போய்விடும். எந்த வீட்டைப் பார்த்தாலும் 1981 ஜூனில் நடைமுறைக்கு வந்த நிலநடுக்க விதிப்படி அனுமதி பெற்ற கட்டடமா என்று கேட்டுவிடுங்கள். விளம்பரத்தில் "ரயில் நிலையத்துக்கு 7 நிமிடம்" என்றால் நிமிடத்துக்கு 80 மீட்டர் என்ற கணக்கு, சிக்னலும் குழந்தையும் அதில் கிடையாது.

நிஷிகசாயில் நம் ஆட்கள் நிறைய. 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள் காலத்திலிருந்தே இப்படித்தான். துவரம்பருப்பும் புளியும் நடந்துபோய் வாங்கலாம், இந்தியப் பள்ளிகள் இருக்கின்றன. தோசாய் சுரங்க ரயிலில் அலுவலகங்கள் நிறைந்த ஒதேமாச்சிக்கு கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், ஆனால் காலை நெரிசல் கொடுமை, கொரோனாவுக்கு முன் 2019இல் வழியில் உள்ள கிபா நிலையத்துப் பக்கம் ரயிலின் கொள்ளளவில் 199 சதவீதம் என்று பதிவானது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. எடோகாவா தாழ்வான பூமி, பெரும்பகுதி கடல் ஏற்ற நேரத்து நீர்மட்டத்துக்குக் கீழே. வட்டார அலுவலகமே 2019இல் வெளியிட்ட வெள்ள வரைபடத்தின் அட்டையில் "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சிட்டிருந்தது. 2020 ஆகஸ்டிலிருந்து ஒப்பந்தத்துக்கு முன் வெள்ள வரைபடத்தில் வீடு எங்கே இருக்கிறது என்று தரகர் காட்டியே ஆக வேண்டும், காட்டாவிட்டால் கேளுங்கள். உயரமான மாடி என்றால் தண்ணீர் ஏறாது, ஆனால் வெள்ளம் வடிய வாரக்கணக்கில் ஆகலாம், கரண்டும் லிஃப்டும் இல்லாமல் குழந்தைகளோடு அங்கே உட்கார முடியாது. பெரிய புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே மேட்டுப் பகுதியில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போய்விடுவதாக நாங்கள் பேசி வைத்திருக்கிறோம், அவர்களிடமும் சொல்லிவிட்டோம்.