வணிகப் பள்ளிகளின் மூன்று பன்னாட்டு அங்கீகாரங்கள்: உள்ளிருந்து ஒரு மதிப்புரை

எம்பிஏ விளம்பரங்களின் அடியில் வரிசையாக நிற்கும் முத்திரைகளுள் ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ், ஆம்பா ஆகிய மூன்றும்தான் உலகெங்கும் பெயர் பெற்றவை. ஒரு வணிகப் பள்ளியோ அதன் படிப்போ உரிய தரத்தில் இருக்கிறது என்று வெளி அமைப்பு ஒன்று ஆராய்ந்து தரும் சான்றே இந்த அங்கீகாரம். வணிகப் பள்ளி ஒன்றின் தர உறுதிப் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றியபோது, இவற்றுள் முதலாவதற்கான கோப்புகளை விண்ணப்பம் முதல் மதிப்பீட்டுக் குழு வந்து போனது வரை கையாண்டிருக்கிறேன். மற்ற இரண்டையும் அவற்றின் விதி ஆவணங்கள் வழியாகவும், அவற்றைப் பெற்ற பள்ளிகளில் வேலை பார்க்கும் நண்பர்கள் வழியாகவும் அறிவேன். பெருங்கட்டணமும் பல ஆண்டு உழைப்பும் கேட்கும் ஒரு சேவை என்ற கோணத்திலேயே இவற்றை இங்கே மதிப்பிடுகிறேன். இந்தச் சேவையால் பள்ளிக்குக் கிடைக்கும் பயன் பெரிது. படிக்க வரும் மாணவருக்கு அதிலிருந்து கிடைக்கும் தகவலோ மிகவும் குறைவு என்பது என் கருத்து.

மூன்றிலும் மூத்தது ஏஏசிஎஸ்பி. 1916-இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த அமைப்பு, 1919-இல் தன் முதல் தர விதிகளை வகுத்தது. நெடுங்காலம் வட அமெரிக்காவுக்குள்ளேயே இயங்கிவந்து, 1997-இல்தான் பிரான்சின் எசெக் பள்ளிக்கு அங்கீகாரம் அளித்து அந்த எல்லையைத் தாண்டியது. முன்பு 15 ஆக இருந்த தரங்களை 2020-ஆம் ஆண்டின் விதித்தொகுப்பு 9 ஆகச் சுருக்கியது. எல்லாப் பள்ளிகளையும் ஒரே அச்சில் வார்க்காமல், ஒவ்வொரு பள்ளியும் தனக்கென்று எழுதிவைத்திருக்கும் நோக்கத்துக்கு ஏற்ப நடக்கிறதா என்று பார்ப்பதே இதன் அடிப்படை. முதலில் தகுதி விண்ணப்பம், பிறகு அமைப்பு நியமிக்கும் வழிகாட்டி ஒருவரின் துணையோடு சுயமதிப்பீட்டு அறிக்கை, இறுதியில் பிற பள்ளிகளின் தலைவர்கள் அடங்கிய குழுவின் நேரடி வருகை எனப் பல ஆண்டுகள் ஓடிவிடும். அங்கீகாரம் கிடைத்த பிறகும், 2020 விதித்தொகுப்பின்படி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு உண்டு.

இதில் நான் மனமாரப் பாராட்டுவது கற்றல் உறுதிப்பாடு என்ற பகுதியை. பட்டம் பெறும் மாணவர் எதைச் செய்யத் தெரிந்தவராக வெளியேற வேண்டும் என்று பள்ளியே அறிவித்து, அது நடக்கிறதா என்பதைச் சான்றோடு காட்ட வேண்டும். எங்கள் பள்ளியில் இது முதலில் தவறாகவே தொடங்கியது. தேர்வு மதிப்பெண்களின் சராசரியைத் தொகுத்து அனுப்பினோம். பாட மதிப்பெண்ணைக் கற்றலுக்கான சான்றாக ஏற்க முடியாது என்று வழிகாட்டி திருப்பி அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரி. ஒரு பாடத்தில் 70 மதிப்பெண் பெற்றவர் வருகைப் பதிவுக்கும் குழு வேலைக்கும் உரிய புள்ளிகளையும் சேர்த்தே அதைப் பெற்றிருப்பார். தரவுகளைக் கொண்டு ஒரு முடிவை நியாயப்படுத்த அவரால் முடியுமா என்பது அந்த எண்ணில் தெரியாது.

எனவே இறுதிப் பருவத்தின் திட்ட அறிக்கைகளில் முப்பதைப் பெயர் நீக்கி எடுத்து, இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே படித்து மதிப்பிட ஏற்பாடு செய்தோம். சிக்கலை வரையறுத்தல், தரவைத் தேர்ந்தெடுத்தல், கணக்கிடுதல், பரிந்துரையை நியாயப்படுத்துதல் என அளவுகோலில் நான்கு வரிகள் இருந்தன. முதல் மூன்றில் பெரும்பாலோர் தேறினர். நான்காவதில் பாதிக்கு மேற்பட்டோர் தேறவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால், அதற்கு முந்தைய பத்துப் பக்கக் கணக்குக்கும் அங்கே இருந்த பரிந்துரைக்கும் தொடர்பே இருக்கவில்லை. நிறுவனம் விளம்பரத்தைக் கூட்ட வேண்டும் என்ற வாக்கியம் வெவ்வேறு தொழில்களைப் பற்றிய அறிக்கைகளில் ஏறக்குறைய ஒரே சொற்களில் வந்திருந்தது. இத்தனை ஆண்டுகளாக வகுப்பெடுத்தும் இது எங்கள் கண்ணில் படவில்லையே என்று மூத்த ஆசிரியர் ஒருவர் வருந்தினார். அதன் பிறகு புள்ளியியல் பாடத்தில் இரண்டு வாரங்களை ஒதுக்கி, கணக்கில் வந்த விடையை வைத்து மேலாளருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதும் பயிற்சியைச் சேர்த்தோம். அடுத்த சுற்றில் அதே அளவுகோலால் மீண்டும் அளந்தோம். இவ்வாறு அளந்து, மாற்றி, மறுபடி அளப்பதை இத்துறையில் இருப்பவர்கள் லூப்பை மூடுவது என்பார்கள். நாங்கள் செலவிட்ட உழைப்பில் மாணவர்களுக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆசிரியர்களை வகைப்படுத்தும் பகுதியைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை. ஆய்வுப் பின்னணி, தொழில் அனுபவம் ஆகியவற்றை வைத்து ஆசிரியர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள்; எதிலும் அடங்காதவர்கள் தனி. ஆய்வில் தொடர்ந்து ஈடுபடும் முனைவர்களின் பங்கு 40 விழுக்காடும், நான்கு வகையினரும் சேர்ந்து 90 விழுக்காடும் இருக்க வேண்டும் என்பது 2020 விதித்தொகுப்பின் எதிர்பார்ப்பு. யார் எந்த வகை என்பதற்கான விதிகளைப் பள்ளியே வகுத்துக்கொள்ளலாம் என்பதால், பல இடங்களில் இது ஐந்தாண்டில் எத்தனை கட்டுரை என்ற எண்ணிக்கையாகச் சுருங்கிவிடுகிறது. மாணவர்கள் தேடிப் போய் உட்காரும் வகுப்பை நடத்தும் ஒருவர், அந்தப் பட்டியலில் தன் பெயர் கீழே இறங்கிவிடக் கூடாதே என்று அவசரக் கட்டுரை எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். கற்பிக்கும் திறனுக்கு இதே அளவு நுணுக்கமான அளவுகோல் இல்லாதது இந்தச் சேவையின் பெருங்குறை.

ஈக்விஸ் 1997-இல் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த மேலாண்மைக் கல்வி அமைப்பான இஎஃப்எம்டியால் தொடங்கப்பட்டது. பள்ளி முழுவதையும் ஒரே அலகாக எடுத்துக்கொண்டு, அதன் பன்னாட்டுத் தன்மை, நிறுவனங்களோடு உள்ள உறவு, அறமும் சமூகப் பொறுப்பும் ஆகியவற்றை ஒவ்வொரு அத்தியாயத்திலும் துருவிக் கேட்கும். அங்கீகாரத்தை 5 ஆண்டுக்கோ 3 ஆண்டுக்கோ அளிப்பது இதன் சிறப்பு. 3 ஆண்டு என்றால் குறைகள் சுட்டப்பட்டிருக்கின்றன, அவற்றைத் திருத்திய விதத்தைக் காட்டியாக வேண்டும் என்று பொருள். தேறியவர், தேறாதவர் என்ற இரண்டு நிலைகளுக்கு இடையே இப்படி ஒரு படி இருப்பது நியாயமானது. மதிப்பீட்டுக் குழுவில் தொழில் துறையைச் சேர்ந்த ஒருவரும் இடம்பெறுவார். நண்பர் ஒருவரின் பள்ளியில் அத்தகைய குழு மாணவர்களைத் தனியே சந்தித்து, உங்கள் குறையைக் கேட்டுப் பள்ளி கடைசியாக எதை மாற்றியது என்று கேட்டதாம். அறையில் நெடுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை. நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை சொல்லாததை அந்த ஒரு கேள்வி வெளிக்கொண்டுவந்தது.

லண்டனைச் சேர்ந்த ஆம்பா 1967-இல் தோன்றியது. அது பள்ளியை விட்டுவிட்டு எம்பிஏ போன்ற படிப்புகளை மட்டும் பார்க்கிறது. எம்பிஏவில் சேர்வோருக்குக் குறைந்தது 3 ஆண்டு வேலை அனுபவமும், ஒன்றாகச் சேர்ந்து படிக்கும் ஒரு தொகுதியில் குறைந்தது 20 பேரும் வேண்டும் என்கிறது. வகுப்பில் பாதிப் பாடம் சக மாணவரின் அனுபவத்திலிருந்தே வருகிறது என்பதால் இவ்விரண்டும் எனக்கு முழு உடன்பாடு.

மூன்றையும் பெற்ற பள்ளிகளை டிரிபிள் கிரவுன், அதாவது மூன்று மகுடம் பெற்றவை, என்பார்கள். உலக வணிகப் பள்ளிகளில் அவை ஏறத்தாழ 1 விழுக்காடுதான். ஒரே தகவலை மூன்று வடிவங்களில் மூன்று முறை எழுதும் அந்தப் பள்ளிகளின் அலுவலர்களை நினைத்தால் எனக்கு வருத்தமே வருகிறது. மூன்று அமைப்புகளும் கலந்து பேசி ஒரு பொதுத் தரவுப் படிவத்தையாவது உருவாக்கியிருக்கலாம்.

மாணவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஏஏசிஎஸ்பியிலும் இஎஃப்எம்டியிலும் உறுப்பினராக இருப்பது வேறு, அங்கீகாரம் பெறுவது வேறு. தர ஆய்வு முடியாத பள்ளியும் உறுப்பினராகலாம். அந்த அமைப்பின் பெயரை மட்டும் விளம்பரத்தில் கண்டு அங்கீகாரம் என்று எண்ணிவிடக் கூடாது. அமைப்புகளின் சொந்த இணையதளத்தில் அங்கீகாரம் பெற்றோர் பட்டியலைத் தேடிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெளிவாகிவிடும்.

எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது, மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கைகளை இந்த அமைப்புகள் வெளியிடுவதில்லை என்பதுதான். குழு எதைப் பாராட்டியது, எதைத் திருத்தச் சொன்னது என்பதைப் பள்ளி அறியும், அமைப்பு அறியும். கட்டணம் செலுத்தும் மாணவர் கண்ணுக்குத் தெரிவது முத்திரை ஒன்றே. இரண்டு பக்கச் சுருக்கத்தை வெளியிட்டால்கூடப் போதும். அதுவரை, சேர்க்கைக்கு முன் பள்ளியிடம் கற்றல் இலக்குகளில் ஏதேனும் ஒன்றைக் குறிப்பிட்டு, அதன் கடைசி அளவீட்டையும் அதனால் பாடத்தில் வந்த மாற்றத்தையும் கேட்டுப் பாருங்கள். எங்கள் பள்ளியில் அந்தப் பக்கம் தர உறுதிப் பிரிவின் அலமாரியில் தயாராக இருந்தது. நான் அங்கே இருந்த ஆண்டுகளில் அதைக் கேட்டு ஒரு மாணவரும் வந்ததில்லை.