25 வெள்ளி (ரிங்கிட்) ஈரப்பதமானி: கேஎல்லில் (கோலாலம்பூர்) நான்கு வருடம், பினாங்கில் மூன்று

உள்ளங்கை அளவு பெட்டி. மேலே வெப்பநிலை, கீழே ஈரப்பதம், ஓரத்தில் அன்றைய உச்சமும் தாழ்வும். 2017-ல் 25 வெள்ளி கொடுத்து வாங்கினேன். புத்தகங்களில் பூஞ்சை பிடிக்கிறது என்று மனைவி சொன்னதுதான் காரணம். முதல் இரண்டு வாரம் ஐஸ் பெட்டி மேலேயே வைத்திருந்தேன், வீடு இவ்வளவு சூடா என்று பயந்துபோனேன். ஐஸ் பெட்டி முதுகு வழியாகத் தள்ளும் சூட்டையும் சேர்த்துக் காட்டியிருக்கிறது. நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில், சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

நான்கு வருடம் கேஎல்லில், செந்தூல் வீட்டு முன்வாசல் நிழலில் தொங்கியது. மழை இல்லாத நாட்களில் மதியம் மூன்று மணிக்கு 34 டிகிரி, 56 சதவீதம். விடியற்காலை 25, 94. இதைப் பார்த்துவிட்டு, ராத்திரியில் எங்கிருந்தோ ஈரம் வந்து இறங்குகிறது என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி எதுவும் இறங்கவில்லை. 34 டிகிரிக் காற்று 25 டிகிரிக் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஆவியைத் தாங்கும், அதனால் இருக்கிற அதே ஆவி மதியம் பாதி வயிறாகவும் விடியலில் முழு வயிறாகவும் தெரிகிறது, அவ்வளவுதான். இரண்டு நேரத்துக்கும் பனிநிலை கணக்குப் போட்டால் 24 டிகிரிதான் வரும். பனிநிலை என்றால், அந்த அளவுக்குக் குளிர்ந்த எதன் மேலும் காற்றிலுள்ள ஆவி தண்ணீராகப் படிய ஆரம்பிக்கும்; மாமாக் கடையில் தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் டீ) கிளாஸ் வேர்த்து மேசையை நனைப்பது அதனால்தான். இந்தப் பெட்டியில் எனக்குள்ள பெரிய குறை, அது பனிநிலையைக் காட்டாது. சதவீதத்தை மட்டும் பார்ப்பவரை நன்றாக ஏமாற்றும்.

அப்புறம் வேலை மாறி பினாங்கு, ஜெலுத்தோங்கில் பதினான்காவது மாடி. பால்கனியிலிருந்து கடல் தெரியும், வற்றும்போது சேற்று வாசமும் வரும். இங்கே மதியம் 31, 70. ராத்திரி பதினோரு மணிக்கும் 28, 83. கேஎல்லில் பகலுக்கும் விடியலுக்கும் ஒன்பது டிகிரி இடைவெளி என்றால் இங்கே மூன்றோ நாலோ.

தண்ணீர் சூடாகவும் நேரமெடுக்கும், ஆறவும் நேரமெடுக்கும். மலாக்கா நீரிணை இரவும் பகலும் 29, 30 டிகிரியை ஒட்டியே கிடக்கிறது. பகலில் நிலம் சுட்டுக் காற்று மேலெழும்ப, அந்த இடத்துக்குக் கடல்காற்று உள்ளே வருகிறது, அதனால்தான் மதியம் இங்கே அவ்வளவாகக் கொதிப்பதில்லை. ராத்திரியில் அதே கடல் சுற்றியுள்ள காற்றை ஆறவிடுவதில்லை. கேஎல் கடலிலிருந்து நாற்பது கிலோமீட்டர் போல உள்ளே இருக்கிறது. கடல்காற்று வந்து சேர்வதற்குள் வெயில் தன் வேலையை முடித்துவிடும். பிறகு அந்த ஈரக்காற்று சூட்டிலும், நாட்டின் நடுவே ஓடும் தித்திவாங்சா மலைச் சரிவிலும் ஏறிக் குளிர்ந்து சாயங்கால இடிமழையாகக் கொட்டும். செந்தூலில் ஒருநாள் நாலரை மணி மழையில் அரைமணி நேரத்துக்குள் 34-லிருந்து 25-க்கு இறங்கியதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பினாங்கில் அந்தக் கொடுப்பினை குறைவு.

மாமியார் செந்தூலிலிருந்து வந்த முதல் ராத்திரி தூங்கவே இல்லை. "கடலோரம்னு சொன்னீங்களே மாப்பிள்ளை, இது என்ன ஆவியில வெச்ச மாதிரி இருக்கு? அந்தப் பெட்டி என்ன சொல்லுது?" என்றார். 83 என்றேன். "நம்ம வீட்டுல 94 காட்டுமே, அங்க நல்லாத்தானே தூங்குறேன்?" கேள்வி சரிதான். 25 டிகிரியில் உடம்பு வேர்க்கவே தேவையில்லை, 94 இருந்தால் என்ன. 28-ல் காற்று அசையாமல் நின்றால் கசகசவென்று வேர்க்கும், அந்த வேர்வை காயாது. மறுநாள் மேசை விசிறி ஒன்று வாங்கினோம், பிரச்சினை முடிந்தது.

கடலோரம் என்றால் வருடம் முழுக்கப் பிசுபிசுப்பு என்றும் நினைக்காதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கில் மழை குறைவு. வடகிழக்குக் காற்று அதே தித்திவாங்சா மலைத் தொடரைத் தாண்டி வருவதற்குள் ஈரத்தைக் கிழக்குப் பக்கமே இறக்கிவிடும். ஒரு தைப்பூசச் சமயம் பால்கனியில் 33, 50 பார்த்தேன், பனிநிலை 21-ஐ ஒட்டி. தண்ணீர்மலை முருகன் கோயில் ரோட்டில் தார் காலைச் சுட்டது, ஆனால் சட்டை முதுகில் ஒட்டவில்லை.

பெட்டியின் உழைப்புக்கு வருகிறேன். கேஎல்லில் நான்கு வருடமும் பேட்டரி மாற்றியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. பினாங்கில் இரண்டாவது வருடமே பேட்டரி கம்பியில் பச்சை பூத்து, திரை அணைந்தது. வினிகர் தொட்டுத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்ததும் உயிர் வந்தது. ஜன்னல் கம்பியும் அப்படித்தான், வருடத்துக்கொரு முறை பெயிண்ட்.

உப்பைப் பற்றி ஒரு விஷயம். ஈரப்பதமானியைச் சோதிக்க, பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, பெட்டியோடு சேர்த்து ஜிப் பையில் ஒரு ராத்திரி மூடி வைக்க வேண்டும். உள்ளே 75 சதவீதத்தில் வந்து நிற்கும். அந்த அளவைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கேஎல் ராத்திரியும் 75-ஐத் தாண்டுகிறதுதான், ஆனால் அங்கே இரும்பின் மேல் கடல் உப்புப் படலம் கிடையாது. இங்கே இருக்கிறது, அதனால் ராத்திரி முழுக்க கம்பி நனைந்தே கிடக்கும்.

புதிதில் இந்தச் சோதனையில் 77 காட்டியது. ஏழாம் வருடம் 82. வெப்பநிலை இன்னும் சரியாகத்தான் இருக்கிறது. 25 வெள்ளிக்கு இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை, ஆனால் அடுத்தது பனிநிலை காட்டுவதாகப் பார்த்து வாங்கிவிட்டேன்.

பழையதைத் தூக்கிப் போடவில்லை. தீபாவளி முறுக்கு நமுத்துப் போகாமல் இருக்க சிலிக்கா பொட்டலம் போட்ட டின்னுக்குள் கிடக்கிறது. நேற்று 55 காட்டியது. அதில் 7-ஐக் கழித்துக்கொள்கிறோம்.