டெஸ்மாஸ்: கோட்டை அது போடும், கட்டத்தை நாம்தான் எண்ண வேண்டும்

மகள் பத்தாவது படிக்கிறாள். ஆயத்தொலை வடிவியலில் நேர்கோட்டின் சமன்பாடான ‘ஒய் = எம்எக்ஸ் + சி’ என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எம் என்றால் என்ன என்று கேட்டால் சாய்வு, சாய்வு என்றால் என்ன என்று கேட்டால் எம். இந்தச் சுற்றலைப் பார்த்துக் கடுப்பாகித்தான் சமன்பாட்டை அடித்தால் கோட்டை வரைந்து காட்டும் டெஸ்மாஸ் வரைபடக் கால்குலேட்டரைத் திறந்து கொடுத்தேன். காசு இல்லை, பதிவு செய்ய வேண்டியதில்லை, பிரவுசரிலேயே ஓடுகிறது, போனுக்கு ஆப்பும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வில், கணினித் திரைக்குள்ளேயே இதை வைத்துக் கொடுக்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சமன்பாட்டில் எண்ணுக்குப் பதில் எம், சி என்று எழுத்தாகவே அடித்தால், ஸ்லைடர் (இழுத்து மதிப்பை மாற்றும் பட்டை) வேண்டுமா என்று அதுவே கேட்கும். சரி என்றால் போதும். சி-யை இழுத்தால் கோடு சாயாமல் மேலும் கீழும் போகிறது, எம்-ஐ இழுத்தால் ஒய் அச்சில் ஒரே புள்ளியில் ஆணி அடித்தாற்போல நின்றுகொண்டு சுற்றுகிறது. ‘ஒய் − 4 = எம்(எக்ஸ் − 1)’ என்று அடித்தபோது ஆணி (1, 4)-க்கு மாறிவிட்டது, புள்ளி-சாய்வு வடிவம் என்றால் என்ன என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அப்புறம் எம்-ஐ ஆயிரம் வரை ஏற்றிப் பார்த்தாள். கோடு செங்குத்தாக நிற்பதுபோல இருந்தது, பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் லேசாகச் சாய்ந்துதான் இருக்கிறது. எக்ஸ் = 1 என்று தனியாக அடித்தால்தான் உண்மையான செங்குத்துக் கோடு வருகிறது. அதன் சாய்வை ஏன் ‘வரையறுக்க இயலாது’ என்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

சிக்கல் ஆட்டோ கட்டணத்தில் ஆரம்பித்தது. 2013-ல் சென்னை ஆட்டோக்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் (அந்தக் கட்டணத்துக்கு வண்டி கிடைத்ததா என்பது வேறு கதை). இதைச் சமன்பாடாக எழுதச் சொன்னேன். யோசிக்காமல் ‘ஒய் = 12எக்ஸ் + 25’ என்று அடித்தாள். முதல் 1.8 கிலோமீட்டருக்கு இரண்டு தடவை காசு வாங்குகிறாயே என்றேன். திருத்தினால் ஒய் = 25 + 12(எக்ஸ் − 1.8), சுருக்கினால் ஒய் = 12எக்ஸ் + 3.4. அதாவது வெட்டுத்துண்டு (கோடு ஒய் அச்சை வெட்டும் இடம்) 3.4 ரூபாய். அந்தக் காசை யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை, 1.8-க்கு இந்தப் பக்கம் இந்தக் கோடே செல்லாது. அதையும் காட்டலாம், சமன்பாட்டுக்குப் பின்னால் நெளி அடைப்புக்குள் எக்ஸ் > 1.8 என்று போட்டால் கோடு அந்த இடத்திலிருந்துதான் தொடங்கும்.

ஆனால் போட்டதும், “அப்பா, கோட்டையே காணோம்!” திறந்தவுடன் திரையில் தெரிவது ஏறக்குறைய −10 முதல் 10 வரைதான், நம் கோடு தொடங்குவதே 25-ல். சுருக்கிப் பார்த்தால் கோடு கிடைத்தது, ஆனால் எக்ஸ் அச்சில் கிலோமீட்டரெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒய் அச்சை மட்டும் தனியாக அமுக்கினோம், இப்போது 12 சாய்வுள்ள கோடு ஏதோ மேம்பாலம் ஏறுவதுபோலச் சாதுவாகத் தெரிகிறது. அச்சுகளின் அளவு மாறினால் கண்ணுக்குத் தெரியும் சாய்மானமும் மாறும், அளவுத்திட்டம் பார்க்காமல் கோட்டை நம்பக்கூடாது. டெஸ்மாஸ் இதை எங்கேயும் சத்தமாகச் சொல்வதில்லை, விரல் பட்டாலே அளவு மாறிவிடுகிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தாக வெட்டும் இரண்டு சாய்ந்த கோடுகளைப் போட்டுவிட்டு அச்சை இழுத்தால் 90 பாகையும் கோணலாகிவிடும்.

இன்னொரு குறை. (−1, 1), (2, 3) என்று இரண்டு புள்ளிகளை அட்டவணையில் போட்டு, சமன்பாட்டில் சமக்குறிக்குப் பதில் அலைக்குறி (~) வைத்தால் எம், சி இரண்டையும் அதுவே கண்டுபிடித்துத் தந்துவிடும். என் மகள் இந்தக் குறுக்குவழியை ஒரே நாளில் பிடித்துவிட்டாள். நல்லவேளையாக 0.666667 என்று தசமத்தில்தான் தருகிறது. வீட்டுப்பாடத்துக்கு வேண்டியது 2எக்ஸ் − 3ஒய் + 5 = 0, அதனால் கடைசியில் கையால் போட்டே ஆகவேண்டியிருந்தது.

போனில் ஸ்லைடரை விரலால் இழுப்பது எரிச்சல், லேப்டாப் இருந்தால் அதிலேயே பாருங்கள். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பொதுத்தேர்வில் 8 மதிப்பெண் வரைபடக் கேள்விக்கு மதிப்பு அட்டவணை போட்டு, அளவுத்திட்டம் எழுதி, வரைபடத்தாளில் பென்சிலால்தான் வரைய வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் இப்போது முதலில் தாள், அப்புறம்தான் திரை. நேற்று அவள் தாளில் போட்ட கோடு திரையில் வந்ததோடு ஒத்துப்போகவில்லை, பார்த்தால் ஒய் அச்சில் 10, 20-க்கு அடுத்து 30-ஐ விட்டுவிட்டு 40 என்று எழுதியிருக்கிறாள்.