‘ஓராண்டு வழிகாட்டல்’ என்று கையெழுத்துப் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள்

முதல் வருடத்தில் தத்தளிக்கும் ஆசிரியர்களுக்கும், வேலையில் சேரப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். புதிய ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் ஓராண்டு வழிகாட்டலும் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் நான் ஏமாந்தேன். பெயர் சொல்லப்போவதில்லை. பெயரை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு ஒரு நாள் போதும். ஏமாற்றிய விதத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், எந்தப் பெயரில் வந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியட்டும்.

பள்ளியில் பணி ஆணையோடு இன்னொரு தாளையும் நீட்டினார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் இந்தத் திட்டத்தில் சேர்ந்தே ஆகவேண்டுமாம். கட்டணத்தைச் சம்பளத்தில் பன்னிரண்டு தவணையாகப் பிடித்துக்கொள்வார்கள். கூட்டிப் பார்த்தால் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலே போகிறது. தவணையாகச் சொன்னதால் அன்றைக்கு உறைக்கவில்லை. மூன்று நாள் தொடக்கப் பயிற்சி, தனி வழிகாட்டி, மாதம் இரண்டு முறை வகுப்பறைப் பார்வையிடல், அதன் பிறகு எழுத்து மூலமான கருத்து, கடைசியில் சான்றிதழ் என்று தாளில் இருந்தது. ‘பார்வையிடல் நேரிலோ வேறு வகையிலோ அமையும்’ என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வரியும் இருந்தது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

பயிற்சியின் முதல் நாள் காலையிலேயே எங்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு சான்றிதழைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். எடுத்த கையோடு சான்றிதழைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். “கடைசி நாள் கூட்டமா இருக்கும் மேடம், இப்பவே முடிச்சிடலாம்” என்றார் படம் எடுத்தவர். நானும் பல்லைக் காட்டிச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குக் கடைசியில் வருகிறேன்.

மூன்று நாளும் திரையில் ஓடியவற்றில் பாதி, இப்போது நினைத்தால் கோபம் வருகிற சரக்கு. ஒரு பிரமிட் படம் காட்டினார்கள். படித்தால் 10 சதவீதம் மனதில் நிற்கும், கேட்டால் 20, பிறருக்குக் கற்பித்தால் 90 என்று. நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். பிறகு நானாகத் தேடிப் பார்த்தேன். எட்கர் டேல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1946இல் ஒரு கூம்பு வரைந்தார், அதிலிருந்து வந்ததாகத்தான் இந்தப் படத்தைச் சுற்றில் விடுகிறார்கள். ஆனால் அவர் வரைந்த கூம்பில் சதவீதம் எதுவுமே கிடையாது. எண்களைப் பிற்பாடு யாரோ ஒட்டியிருக்கிறார்கள். மனித நினைவாற்றல் இப்படிப் பத்துப் பத்தாக, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி வருமா என்று அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான். கணக்கு ஆசிரியர்களே நாலு பேர் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்தது, பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளை மூன்று வகையாகப் பிரிக்கச் சொன்னார்கள். ஒரு வினாத்தாளும் தந்தார்கள். நான் அதை நம்பி, ஒரே பாடத்துக்கு மூன்று விதமாகக் குறிப்பு எழுதி, ஐந்தாறு வாரம் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றையே மறந்தேன். இந்த வகைப்படி கற்பித்தால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நான்கு உளவியலாளர்கள் 2008லேயே ஆய்வுகளை அலசி எழுதிவிட்டார்கள். காசு போனதைவிட அந்த ஞாயிற்றுக்கிழமைகள் போனதுதான் இன்னும் வலிக்கிறது.

சரி, பயிற்சி போகட்டும், வழிகாட்டியாவது உதவுவார் என்று இருந்தேன். ‘தனி வழிகாட்டி’ என்று சொன்னது ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் எங்களைப் போல அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். தினமும் காலையில் சூரியன் படத்தோடு ஒரு வாழ்த்து வரும். மூன்றாவது மாதம் ஒரு வகுப்பு என் கையை விட்டே போனது. நான் பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்வரிசையில் சந்தைக்கடைச் சத்தம். ஒரு நாள் ராத்திரி அழுகையோடு வழிகாட்டிக்கு நீளமாக எழுதினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. “உங்கள் மேல் நம்பிக்கை வையுங்கள்.” கூடவே ஒரு கட்டைவிரல்.

ஆனால் மாதம் தவறாமல் பார்வையிடல் அறிக்கை மட்டும் வந்துகொண்டிருந்தது. யாருமே வராத வகுப்புக்கு அறிக்கை! ‘பாடத் தொடக்கம் சிறப்பு, மாணவர் பங்கேற்பை இன்னும் கூட்டலாம்’ என்று பொதுவாக நாலு வரி. வேறு வகையில் பார்த்திருப்பார்கள் போல என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஐந்தாம் மாதம் ஸ்டாஃப் ரூமில், என்னோடு சேர்ந்த மொழி ஆசிரியை தன் அறிக்கையைக் காட்டி, “இங்க பாருங்க, நான் பின்னப் பாடத்தை அழகா நடத்தினேனாம்” என்று சிரித்தாள். அவள் நடத்துவது இலக்கணம். என்னுடையதை எடுத்து அருகில் வைத்தோம். வரிக்கு வரி அதே அறிக்கை. ‘மாணவர்கள்’ என்பதில் ‘ண’வுக்குப் பதில் ‘ன’ போட்ட பிழைகூட இரண்டிலும் அதே இடத்தில் இருந்தது. பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றத் தெரிந்திருக்கிறது.

இதில் என் தவறும் உண்டு, மறைக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் ‘வழிகாட்டியின் கருத்தைப் பெற்றுக்கொண்டேன்’ என்ற பெட்டியில் நான்தான் டிக் அடித்தேன். அடிக்காவிட்டால் பள்ளிக்குச் செய்தி போகும் என்ற பயம். பின்னால் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அவர்கள் முதலில் எடுத்து வீசியது அந்த டிக்குகளைத்தான்.

என்னைக் காப்பாற்றியது பக்கத்து வகுப்பு அக்கா. இருபது வருட அனுபவம் அவருக்கு, பேச்சு மட்டும் குறைவு. நான் கேட்காமலே ஒரு நாள் அவருடைய காலி பீரியடில் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். இருபது நிமிடம் ஏதோ குறித்துக்கொண்டார். வெளியே வந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “கேள்வி கேட்டுட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிற தெரியுமா? ஒரு நொடி. அதுக்குள்ள நீயே பதிலையும் சொல்லிடுற. அப்புறம் பிள்ளைங்க எதுக்கு யோசிக்கணும்?”

அவ்வளவுதான். அடுத்த வாரம் முழுக்கக் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று வரை எண்ணினேன். அந்த மூன்று நொடி மௌனம் ஆரம்பத்தில் ஒரு யுகம் போல இருக்கும், பழக வேண்டும். வாயே திறக்காத இரண்டு பேர் அந்த வாரம் கை தூக்கினார்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களிலேயே இதைக் கடிகாரம் வைத்து அளந்திருக்கிறார் என்று பிறகு படித்தேன். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளுகின்றன, பதில் சொல்கிறவர்களும் கூடுகிறார்கள்.

அக்கா அடுத்த முறை வந்தபோது, வகுப்புக்கு முழுசாக முதுகைத் திருப்பாமல் பக்கவாட்டில் நின்று பலகையில் எழுதச் சொன்னார். இதற்கும் பின்னால் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970இல் வெளியிட்டது. அடங்கிய வகுப்புக்கும் அடங்காத வகுப்புக்கும் வித்தியாசம், தவறு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் இல்லை. நடக்கவிடாமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்வதில் இருக்கிறது, வகுப்பு முழுவதும் ஆசிரியரின் கண்ணில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிவதில் இருக்கிறது. அக்கா கூனினைப் படித்தவர் இல்லை. இரண்டு வருகையில் அவர் கொடுத்ததை அந்த நிறுவனம் ஒரு வருடக் கட்டணத்துக்குக் கொடுக்கவில்லை.

புதியவர்களைத் தாங்கிப் பிடிப்பது என்றால் என்ன என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். ஜப்பானில் புதிய அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓராண்டுத் தொடக்கப் பயிற்சியை 1988இல் சட்டத்திலேயே வைத்தார்கள், அடுத்த ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் 2021 செப்டம்பரிலிருந்து இந்தத் தொடக்கக் காலம் இரண்டு ஆண்டு. முதல் ஆண்டில் பாடவேளையில் 10 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 5 சதவீதமும் குறைக்க வேண்டும், கூடவே வழிகாட்டி ஒருவரும் உண்டு. அங்கேயும் புலம்பல் இருக்கிறது, பொற்காலம் ஒன்றும் இல்லை. ஆனாலும் முதலில் நேரத்தை ஒதுக்குகிறார்கள். எங்களுக்கோ பாடவேளை ஒன்றுகூடக் குறையவில்லை. வராத ஆசிரியருக்குப் பதில் வகுப்புப் பார்க்கவும் புதியவர்களைத்தான் அனுப்பினார்கள். நேரம் இல்லாதவளுக்கு அந்த நிறுவனம் பயிற்சி வீடியோ அனுப்பி என்ன பயன்? இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே உங்கள் முன்னால் இப்படி ஒரு தாள் வந்தால், கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். வழிகாட்டி யார், அவர் இப்போதும் வகுப்பு எடுப்பவரா, அவர் பொறுப்பில் எத்தனை பேர்? என் வகுப்புக்கு நேரில் வருவாரா, வந்தால் எந்தப் பீரியடில்? அவரோடு உட்கார்ந்து பேச எனக்குப் பாடவேளை குறையுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் மற்ற எதையும் நம்பவேண்டாம். அவர் எழுதுவது எனக்கு மட்டுமா, என் பணியை மதிப்பிடுகிற நிர்வாகத்துக்கும் போகுமா என்றும் கேளுங்கள். போகும் என்றால் உங்கள் குழப்பத்தை அவரிடம் மனம்விட்டுச் சொல்ல முடியாது. சேர்ந்துவிட்டீர்களா? நடக்காத எதற்கும் டிக் அடிக்காதீர்கள். நடந்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உடன் சேர்ந்தவர்களின் அறிக்கையை வாங்கி உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நாங்கள் முதல் மாதமே அதைச் செய்திருந்தால் நான்கு தவணை மிச்சமாகியிருக்கும்.

எங்கள் விஷயம் எப்படி முடிந்தது? ஏழு பேர் சேர்ந்து இரண்டு அறிக்கைகளையும் ஒட்டி வைத்து நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தோம். தனியாகப் போயிருந்தால் ‘புதுசு, சமாளிக்கத் தெரியவில்லை’ என்று என் தலையில் கட்டியிருப்பார்கள். ஒரு மாதம் இழுத்தடித்தபின், மீதித் தவணைகளைப் பிடிப்பதை நிறுத்தினார்கள். பிடித்தது திரும்பவில்லை. ‘சேவை வழங்கப்பட்டுவிட்டது, வீடியோக்கள் திறக்கப்பட்டுள்ளன’ என்று அந்த நிறுவனம் ஒரு வரியில் முடித்துக்கொண்டது.

போன வாரம் இந்த ஆண்டுக்கான அவர்களுடைய விளம்பரத்தை ஒருவர் எனக்கு அனுப்பினார். ‘வெற்றிகரமாக நிறைவு செய்தவர்கள்’ என்ற வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக, கையில் சான்றிதழோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பவள் நான். எடுக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன். இன்னும் எடுக்கவில்லை.